கார்டிலிருந்து மாஸ்டர் வரை: ஓர் ஆவணத் தொடரின் கோப்புகள் போன வழி

அரை மணி நேரம் ஓடும் ஆறு பாகங்கள். படம் பிடித்தவை இரண்டு மிரர்லெஸ் கேமராக்கள், ஒரு டிரோன், அவசரத்துக்குக் கைப்பேசி. போதாததற்கு, பேட்டி கொடுத்தவர்கள் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்த பழைய கேம்கார்டர் கேசட்டுகள். எடிட்டிங் ஓரிடம், டிஐ (வண்ணத் திருத்தமும் இறுதிப் படச் சேர்க்கையும்) இன்னோரிடம், சவுண்ட் மிக்ஸ் மூன்றாவது இடம். இந்த மூன்றுக்கும் நடுவே கோப்புகள் எப்படிப் போய்வர வேண்டும், கடைசியில் சேனல் கேட்ட வடிவத்தில் எப்படி வெளியே வர வேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த வேலையின் பதிவு இது. எந்தக் கேமரா சிறந்தது, எந்த மென்பொருள் அழகு என்ற விவாதம் இதில் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இப்போதெல்லாம் படம் காணாமல் போவது அபூர்வம். எங்கேயாவது இரண்டு மூன்று காப்பி இருக்கும். எது எந்தப் படம் என்கிற விவரம்தான் காணாமல் போகிறது. அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி கோப்பின் பெயர், டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் என்று தரும் முகவரி), ஃபிரேம் கணக்கு ஆகிய மூன்றுக்கே போனது.

முதலில் கடைசிக் காகிதம்

வேலையைத் தொடங்கியது கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சேனல் எழுதி அனுப்பிய டெலிவரி ஸ்பெக்கிலிருந்து. அதில் கேட்டிருந்தது இது: 1920×1080 அளவு, 50ஐ, அதாவது இன்டர்லேஸ் முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு (ஒற்றை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டை வரிகள் இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு ஃபிரேம்), மேல் ஃபீல்டு முதலில். கோடெக், அதாவது படத்தைச் சுருக்கும் முறை, எக்ஸ்டிகேம் எச்டி 422: எம்பெக்-2 லாங் ஜிஓபி (ஃபிரேம்களைக் குழுவாகச் சுருக்குவது), 4:2:2 (வண்ண விவரம் கிடையாகப் பாதி), 8 பிட், நொடிக்கு 50 மெகாபிட். உறை, அதாவது படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் கோப்பு வகை, எம்எக்ஸ்எஃப் ஓபி1ஏ. ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எட்டு சேனல். நிகழ்ச்சியின் முதல் ஃபிரேம் 10:00:00:00 டைம்கோடில் விழ வேண்டும். ஒலி அளவு இபியூ (ஐரோப்பிய ஒளிபரப்பாளர் சங்கம்) ஆர்128 படி −23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி அளவு), உச்சம் −1 டிபிடிபி-க்குள் (உண்மையான உச்சத்தின் டெசிபல் அளவு). திரையில் வேகமாக மின்னும் வெளிச்சத்தைப் பார்க்கும் மின்னல் சோதனை தேற வேண்டும்.

4கே-யில் எடுத்ததை 8 பிட் எம்பெக்-2 ஆக்கிக் கொடுப்பதா என்று கேமராமேனுக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான், அந்தக் கோடெக்குக்கு வயதாகிவிட்டது. ஆனால் சேனலில் கோப்பை வாங்கும் சர்வர், க்யூசி (தரச் சோதனை) இயந்திரம், ஒளிபரப்பும் பிளேஅவுட், ஆர்க்கைவ் எல்லாம் ஒரே கோடெக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மொத்தச் சங்கிலியையும் மாற்ற வேண்டும். எங்களுக்கென்று 4கே-யில் ஒரு ப்ரோரெஸ் 422 எச்க்யூ மாஸ்டர் (ஆப்பிளின் எடிட்டிங் கோடெக்கில் உயர்தர இறுதிக் கோப்பு) வைத்துக்கொள்வது, அதிலிருந்து சேனலுக்கான கோப்பை இறக்குவது என்று முடிவானது.

உறை விஷயத்தில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. எடிட்டிங் மென்பொருளில் 'எம்எக்ஸ்எஃப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஓபி1ஏ தருமா, ஓபி-ஆட்டம் தருமா என்று பார்க்க வேண்டும். ஓபி-ஆட்டமில் படம் ஒரு கோப்பு, ஒவ்வொரு ஆடியோ டிராக்கும் தனித்தனிக் கோப்பு. ஓபி1ஏ-வில் எல்லாம் ஒரே கோப்புக்குள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வால்தான். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

ஸ்பெக்கிலிருந்து உடனே வந்து விழுந்த முடிவு: டைம்லைன் நொடிக்கு 25 ஃபிரேம். 25 ஃபிரேம் முழுப் படத்தை இரண்டு இரண்டு ஃபீல்டாகப் பிரித்து 50ஐ உறைக்குள் அனுப்பலாம், அதற்குப் பிஎஸ்எஃப் என்று பெயர். 24-இல் எடுத்தால் சினிமாத்தனம் வரும் என்று ஒரு யோசனை வந்தது. 24-ஐ 25 ஆக்க வேண்டுமென்றால் 4 சதவீதம் வேகமாக ஓட்டி ஆடியோவின் சுருதியையும் சரிசெய்ய வேண்டும். ஒளிபரப்புக்கு மட்டும் போகிற தொடருக்கு எதற்கு அந்தச் சுற்று? வேண்டாம் என்றேன்.

நான்கு சி0004

கார்டைக் காலி செய்வதற்கு முதல் விதி: உள்ளே இருக்கும் ஃபோல்டர் அமைப்பை அப்படியே எடுப்பது. வீடியோ கோப்பு மட்டும் போதும் என்று தனியாக இழுத்தால், பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு போய்விடும். படம் எடுத்த நேரம், லென்ஸ், கலர் ப்ரொஃபைல் எல்லாம் அதில்தான் இருக்கும்.

காப்பி எடுக்க செக்சம் போடும் கருவியைப் பயன்படுத்தினோம்: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணை (ஹேஷ்) கணக்கிட்டு, காப்பியும் அசலும் ஒன்றா என்று பார்ப்பது. கார்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு வட்டுகளுக்கு, எக்ஸ்எக்ஸ்ஹேஷ் கணக்கோடு. எம்டி5 என்கிற இன்னொரு ஹேஷ் முறையைவிட அது வேகமானது. வட்டின் வேகம்தான் தடையாக நிற்குமே தவிர ஹேஷ் கணக்கு நிற்காது. ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எம்எச்எல் கோப்பு உருவாகும். எந்தக் கோப்புக்கு எந்த ஹேஷ் என்கிற பட்டியல் அது, படத்தோடு கூடவே பயணிக்கும். எழுதி முடித்த உடனேயே சரிபார்த்தால் இயங்குதளம் வட்டைத் தொடாமல் நினைவகத்தில் இருப்பதையே படித்துப் பதில் சொல்லிவிடக்கூடும். ஆகவே வட்டைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு முறை சரிபார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம் என்று வைத்தோம். லொகேஷனில் இருந்தவர்களுக்கு எரிச்சல்தான், ஆனாலும் செய்தார்கள்.

எடிட்டருக்குக் கேமரா கோப்புகள் நேரடியாகப் போகவில்லை. கேமரா எழுதியது நொடிக்கு 250 மெகாபிட், மணிக்கு 112 ஜிபி-க்கு மேல். எடிட்டருக்குப் போனது ப்ராக்ஸி, அதாவது அசலின் எடை குறைந்த பிரதி: 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி நொடிக்குச் சுமார் 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிபி. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ப்ராக்ஸியிடம் நான் கேட்பது நான்கே விஷயம்: அசலின் பெயர், அசலின் டைம்கோடு, அதே ஃபிரேம் எண்ணிக்கை, அதே ஆடியோ சேனல் எண்ணிக்கை. நான்காவதைப் பலர் விட்டுவிடுவார்கள். நான்கு சேனல் உள்ள அசலுக்கு இரண்டு சேனல் ப்ராக்ஸி போட்டால், சில எடிட்டிங் மென்பொருள்கள் திரும்ப இணைக்கும்போது அடம்பிடிக்கும்.

எடிட்டிங் தொடங்கும் முன்பே ஒரு வெள்ளோட்டம் விட்டோம். ஒவ்வொரு மூலத்திலிருந்தும் ஓரிரு ஷாட், மொத்தம் ஒரு நிமிட டைம்லைன். எடிட்டர் அதை ப்ராக்ஸியில் வெட்டி, வெட்டுப் பட்டியலாக எக்ஸ்எம்எல் ஒன்றும் பார்வைக்கு ஒரு வீடியோவும் அனுப்பினார். டிஐ இயந்திரத்தில் அந்த எக்ஸ்எம்எல்-ஐத் திறந்து அசல் கோப்புகளோடு கன்ஃபார்ம் செய்து (ப்ராக்ஸிக்குப் பதில் அசலைப் பொருத்துவது), மேலே எடிட்டரின் வீடியோவை, வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் மோடில் போட்டேன். இரண்டும் ஒன்றென்றால் திரை கறுப்பாக இருக்க வேண்டும்.

முதல் சில ஷாட்டுகள் கறுப்பு. அடுத்தது பளிச்சென்று வெளுத்தது. டிஃபரன்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தால், பேட்டி கொடுக்கும் பெண்மணி இருக்க வேண்டிய இடத்தில் காலி நாற்காலி. மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை, சிவப்புக் குறி இல்லை, 'மீடியா ஆஃப்லைன்' இல்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி.

காரணம் எளிது. இந்த வகைக் கேமராக்கள் புதுக் கார்டு போட்டதும் சி0001-இலிருந்து எண்ணத் தொடங்கும் அமைப்பில் இருந்தன. இரண்டு கேமரா, பல கார்டு. ஆக, சி0004 என்ற பெயரில் நான்கு கோப்புகள். டைம்கோடும் ஒவ்வொரு கார்டிலும் பூஜ்யத்திலிருந்து கிளம்பியிருந்தது. பெயரும் ஒன்று, டைம்கோடும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் எதை வைத்து அடையாளம் காண்பது? முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டது.

பெரிய சினிமா கேமராக்களில் இந்தச் சிக்கலே வராது. ஏ001சி003 என்பது போல கேமரா எழுத்து, ரோல் எண், கிளிப் எண் எல்லாம் பெயரிலேயே வந்துவிடும். அதே முறையை நாங்கள் கையால் கொண்டுவந்தோம். கேமராக்களுக்கு ஏ, பி என்று பெயர். ஒவ்வொரு கார்டும் ஒரு ரோல்: ஏ001, ஏ002, பி001. பேக்கப் வட்டுகளில் உள்ளவை கேமரா எழுதியபடியே, தொடாமல் இருக்கும். வேலைக்கான காப்பியில் மட்டும் கிளிப் பெயருக்கு முன்னால் ரோல் எண்ணைச் சேர்த்தோம்: ஏ003_சி0004. கூட இருக்கும் எக்ஸ்எம்எல்-க்கும் அதே பெயர் மாற்றம். கேமரா கோப்பின் பெயரைத் தொடவே கூடாது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. தொடாத காப்பி இரண்டு இருக்கும்போது எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஹேஷ் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து வருவது, பெயரிலிருந்து அல்ல. பெயர் மாற்றிய கோப்பையும் ஹேஷை வைத்து அசலோடு பொருத்திவிடலாம்.

ரோல் பெயரை இவ்வளவு குட்டியாக வைத்ததற்கும் காரணம் உண்டு. சிஎம்எக்ஸ் 3600 என்கிற பழைய ஈடிஎல் (வெட்டுப் பட்டியல்) வடிவத்தில் ரீல் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். டேப் காலத்து வடிவம், இன்றைக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் யாராவது ஈடிஎல் கேட்டுவிடுவார்கள். நீளமான பெயர் வைத்தால் வால் வெட்டுப்படும், வெட்டிய பிறகு எல்லா ரீலும் ஒரே பெயராகத் தெரியும்.

ப்ராக்ஸிகளைப் புதுப் பெயரில் மறுபடி போட்டு அதே ஒரு நிமிட டைம்லைனை ஓட்டினோம். நாற்காலியில் பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

டைம்கோடைச் சத்தமாகப் பதிந்தோம்

பெயர் சரியானது. டைம்கோடு பூஜ்யத்தில் தொடங்குவது இன்னும் பாக்கி. பேட்டிகளில் இரண்டு கேமராவும் தனி ஆடியோ ரெக்கார்டரும் ஓடின. மூன்றுக்கும் ஒரே டைம்கோடு இருந்தால் எடிட்டர் ஒரு கட்டளையில் ஒத்திசைத்துவிடலாம். ஆனால் இந்தக் கேமராக்களில் டைம்கோடு உள்ளீடு இல்லை.

ஆகவே எல்டிசி. டைம்கோடை ஒலி அலையாக மாற்றி, கேமராவின் மைக் உள்ளீட்டில் ஒரு சேனலுக்குக் கொடுப்பது. கேட்டால் காது கூசும் கரகரப்பு. டிஐ மென்பொருளில் ஆடியோ டிராக்கிலிருந்து டைம்கோடைப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது, அது அந்தக் கரகரப்பைப் படித்துக் கிளிப்பின் டைம்கோடாக எழுதிவிடும். ப்ராக்ஸி போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், அப்போதுதான் ப்ராக்ஸியும் சரியான நேரத்தோடு போகும். கேமராவில் ஆட்டோ கெயினை அணைத்து, அளவைக் குறைத்து வைத்தால்தான் சிக்னல் சுத்தமாகப் பதியும். அளவு ஏறி வெட்டுப்பட்டால் சில கிளிப்புகளில் படிக்க முடியாமல் போகும்.

காலையில் ஒரு தடவை கிளாப் அடித்தால் போதாதா என்று கேட்டார்கள். ஒவ்வொரு இயந்திரமும் தன் படிகக் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லி நொடி விலகும். 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. நீண்ட பேட்டியில் முதலில் ஒட்டியிருக்கும் உதடு கடைசியில் ஒட்டாது. டைம்கோடு பெட்டி எல்டிசியை விடாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் கணக்கு புதிதாகிவிடும். ஒரே கிளிப்பாக நீண்ட நேரம் ஓட்டினால் இதுவும் உதவாது என்பதால், பேட்டியின் நடுவே வசதியான இடத்தில் கேமராவை நிறுத்தித் தொடங்கச் சொன்னோம்.

டிரோனும் கைப்பேசியும்

டிரோன் ஆள் "30-ல எடுத்தேன் சார்" என்றார். கோப்பைத் திறந்தால் 30000/1001, அதாவது 29.97. 1953-இல் அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை ஒளிபரப்புக்குள் வண்ணத்தை நுழைக்க 60-ஐ 59.94 ஆக்கினார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு இன்னமும் டிரோன் வரைக்கும் துரத்திக்கொண்டு வருகிறது.

29.97-ஐ 25 டைம்லைனில் போட்டால் மென்பொருள் சும்மா இருக்காது, ஆறு ஃபிரேமுக்கு ஒன்று என்ற கணக்கில் தூக்கி எறியும். கேமரா சீராக நகரும் ஷாட்டில் அது தடக் தடக் என்று தெரியும். ஃபிரேம்களைக் கலக்கச் சொன்னால் மரக்கிளைகளுக்குப் பேய் நிழல் வரும். அசைவைக் கணித்துப் புது ஃபிரேம் உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் கம்பி வேலி, மின்கம்பிகள் போன்ற மெல்லிய கோடுகள் உருகி வழியும்.

நாங்கள் எடுத்த வழி வேறு: கோப்பை 25 ஃபிரேம் என்றே அறிவித்து ஓட்டுவது. வேகம் 83.4 சதவீதமாகக் குறையும், ஒரு ஃபிரேம்கூட வீணாகாது. டிரோன் ஷாட்டில் ஒலி கிடையாது, மெதுவாக மிதந்தால் அழகு கூடத்தான் செய்யும். ஆட்கள் நடக்கிற ஷாட்டுகள் மட்டும் தண்ணீருக்குள் நடப்பது போலத் தெரிந்தன. அவற்றை ஆப்டிகல் ஃப்ளோவில் மாற்றி, கெட்ட ஃபிரேம் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம்.

கைப்பேசி வீடியோ வேறு ரகம். அதில் ஃபிரேம் வேகமே நிலையாக இல்லை. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி மெதுவாகும், சூடானாலும் மெதுவாகும். எஃப்எஃப்ப்ரோப் என்ற சோதிக்கும் கருவி காட்டிய விவரத்தில் அறிவித்த வேகம் ஒன்று, சராசரி வேகம் வேறு. நேராக டைம்லைனில் போட்டால் தொடக்கத்தில் ஒத்திருக்கும் பேச்சு போகப் போக விலகும். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருள் வழியாக எல்லாவற்றையும் நிலையான 25 ஃபிரேம் ப்ரோரெஸ் ஆக்கி, அந்தக் கோப்புகளையே 'அசல்' என்று அறிவித்து ரோல் எண் கொடுத்தோம். டிஐ-க்கும் அவைதான் போக வேண்டும். உண்மையான அசல் ஒரு பக்கம், மாற்றியது ஒரு பக்கம் என்று இரண்டையும் புழக்கத்தில் விட்டால் ஃபிரேம் கணக்கு அடிபடும்.

கேசட்டுகள்

இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பழைய கேம்கார்டர் டேப்புகளிலிருந்து வந்தவை 720×576 அளவு, 50 ஃபீல்டு. நாங்கள் கொடுக்க வேண்டியதும் 50 ஃபீல்டு. அப்படியானால் நேராகப் போட்டு உருப்பெருக்கினால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. அந்தக் காலத்து கேம்கார்டர் வடிவத்தில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், எச்டி-யில் மேல் ஃபீல்டு முதலில். மாற்றி ஓட்டினால் நேரம் மூன்றடி முன்னால், ஓரடி பின்னால் என்று போகும். ஓடுகிற குழந்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போகும்.

வம்பு என்னவென்றால், கணினித் திரையில் இது தெரியாது. எடிட்டிங் மென்பொருள் பெரும்பாலும் ஒரு ஃபீல்டை மட்டும் காட்டும், இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துச் சீப்புப் பல் போலக் காட்டும். எஸ்டிஐ என்ற ஒளிபரப்புக் கேபிள் வழியாக இன்டர்லேஸ் சிக்னலை உள்ளபடி காட்டும் மானிட்டரில் போட்டால்தான் அந்த நடுக்கம் கண்ணில் படும்.

அளவை மாற்றும்போது இன்னொரு ஆபத்து. இரண்டு ஃபீல்டும் பின்னிக் கிடக்கும் படத்தை அப்படியே 1080-க்கு இழுத்தால் இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. எனவே வரிசை இப்படி: முதலில் எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஃப் வடிகட்டியில், ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்று கேட்டு 50 முழு ஃபிரேமாக விரிப்பது. மூல ஃபீல்டு வரிசை கீழ் என்று கையால் சொல்லிவிடுவது நல்லது, கோப்பின் குறிப்பை நம்ப வேண்டாம். அப்புறம் உருப்பெருக்குவது. பிக்சல் சதுரமல்ல என்பதால் 4:3 விகிதத்துக்கு 1440×1080, இரு பக்கமும் கறுப்பு. கடைசியாக மேல் ஃபீல்டு முதலில் வரும்படி மறுபடி பின்னுவது.

16:9 திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டலாமா என்று இயக்குநர் கேட்டார். கையில் பிடித்து எடுத்த வீட்டு வீடியோவில் தலைகள் ஏற்கெனவே சட்டத்தின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஷாட்டை வெட்டிக் காட்டியதும் அந்தப் பேச்சு முடிந்தது.

மற்ற காட்சிகள் 25 பிஎஸ்எஃப், கேசட் காட்சிகள் உண்மையான 50 ஃபீல்டு. ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருப்பதை சேனலின் ஸ்பெக் தடை செய்யவில்லை. பார்வையாளருக்கும் பழைய வீடியோவின் அந்த வழுக்கும் அசைவு 'இது அந்தக் காலத்துப் படம்' என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறது. 25-ஆகக் குறைத்திருந்தால் அது போயிருக்கும்.

டிஐ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எச்டி வண்ணத் தரமான பிடி.709, 10 பிட்டில் கறுப்பு 64-இலிருந்து வெள்ளை 940 வரை. கைப்பேசிக் கோப்புகள் முழு வீச்சில் இருந்தவை, அவற்றுக்கு மட்டும் உள்ளீட்டில் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. பேசுபவரின் பெயரைத் திரையில் காட்டும் சூப்பரில் டிசைனர் ஒரு பிக்சல் தடிமனில் படுக்கைக் கோடு போட்டிருந்தார். இன்டர்லேஸில் ஒரு பிக்சல் கோடு ஒரே ஃபீல்டில்தான் இருக்கும், நொடிக்கு 25 தடவை தோன்றி மறைந்து துடிக்கும். கோட்டைத் தடிமனாக்கி, செங்குத்தாக லேசாக மங்கலாக்கியதும் அடங்கியது.

சத்தம்

சவுண்ட் இன்ஜினியருக்குப் போனவை: இருபுறமும் கொஞ்சம் கூடுதல் நீளத்தோடு ஏஏஎஃப் (ஆடியோ வெட்டுகளைச் சுமக்கும் கோப்பு), டைம்கோடைப் படத்தின் மேலேயே பதித்த பார்வை வீடியோ, 09:59:58:00-இல் ஒரே ஒரு ஃபிரேம் நீள பீப். நிகழ்ச்சிக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் வரும் அந்த பீப், மிக்ஸ் திரும்பி வந்ததும் படத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க உதவும். அது ஒரு ஃபிரேம் தள்ளி விழுந்தால் மற்ற எல்லாமும் ஒரு ஃபிரேம் தள்ளித்தான் இருக்கும்.

அவரிடமிருந்து கேட்டவை: 1, 2 சேனலில் முழு மிக்ஸ், 3, 4-இல் பேச்சு நீக்கிய எம் அண்ட் ஈ, அதாவது இசையும் மற்ற ஒலிகளும் மட்டும். வேறு மொழியில் டப் செய்யும் நாள் வந்தால் இந்த 3, 4 இல்லாமல் ஒன்றும் நடக்காது. மீதி நான்கு சேனலும் மௌனம், ஆனால் கோப்பில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் பாகம் கூட்டமும் கோஷமுமாக −20.6-இல் வந்தது. 2.4 டெசிபல் இறக்கினோம், முடிந்தது. மூன்றாம் பாகத்தில் மெதுவாகப் பேசுகிறவர்கள், −26.4. 3.4 ஏற்றினால் கணக்கு சரியாகும், ஆனால் −2.1-இல் இருந்த உச்சம் +1.3 ஆகும். கதவு அறையும் சத்தமும் இன்னும் சில இடங்களும் உச்சத்தை அடக்கும் லிமிட்டருக்குள் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவரே ஃபோன் செய்தார். "சார், மீட்டர் கரெக்டா −23 காட்டுது. ஆனா அம்மா பேசறது மியூசிக்குக்கு அடியில போயிடுச்சு." சரியான புகார். ஆர்128 அளப்பது நிகழ்ச்சி முழுவதின் சராசரி. −70-க்குக் கீழே உள்ளதையும், மொத்த அளவிலிருந்து 10 எல்யூ தாழ்ந்ததையும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சேர்க்கும். அது இசையா பேச்சா என்று மீட்டருக்குத் தெரியாது. இசையை இறக்கிப் பேச்சை ஏற்றினார், எண் அதே −23, பாகம் வேறு மாதிரி கேட்டது.

க்யூசி அறிக்கை

முதல் இரண்டு பாகங்களை அனுப்பினோம். ஒவ்வொன்றும் 13 ஜிபி-யைச் சுற்றி. சேனலின் தானியங்கி க்யூசியிலிருந்து அறிக்கை வந்தது, பல பக்கம். முதல் பார்வையில் வயிற்றைக் கலக்கும், நிதானமாகப் படித்தால் உண்மையான பிழைகள் கையளவுதான்.

'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று பல வரிகள். எல்லாம் நாங்கள் வேண்டுமென்றே நிறுத்திக் காட்டிய பழைய புகைப்படங்கள். 'ஆடியோ மௌனம்' என்று ஒன்று, அதுவும் இயக்குநர் வைத்த மௌனம். இவற்றுக்கு டைம்கோடு போட்டு 'வேண்டுமென்றே' என்று ஒரு குறிப்பு அனுப்பினால் மனிதர் ஒருவர் பார்த்து விட்டுவிடுவார். அடுத்த பாகங்களுக்கு அந்தக் குறிப்பை அறிக்கை வரும் முன்பே, கோப்போடு சேர்த்தே அனுப்பத் தொடங்கினோம்.

கேமட் பிழை, அதாவது வண்ணம் அனுமதித்த எல்லையைத் தாண்டுவது, உண்மையானது. மேடையில் நீல எல்ஈடி விளக்கு. அலைவடிவத்தில் ஒளி அளவு ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஆர்ஜிபி-யாகப் பிரித்தால் நீலம் எல்லையைத் தாண்டி நிற்கும். இபியூ ஆர்103 ஆர்ஜிபி-க்கு −5 சதவீதத்திலிருந்து 105 சதவீதம் வரை விடுகிறது, திரையில் ஒரு சதவீதப் பரப்புக்குள் அடங்கும் மீறலையும் பொறுத்துக்கொள்கிறது. எங்கள் நீலம் பின்திரை முழுக்கப் பரவியிருந்தது. அந்த ஷாட்டுகளில் நீலத்தின் செறிவை மட்டும் இறக்கி, வண்ணத் திருத்தத்தின் கடைசிப் படியில் (நோடு) எல்லையை மென்மையாக வெட்டும் கிளிப் போட்டோம். மொத்தமாக லீகலைசர் (எல்லை மீறும் வண்ணங்களைத் தானே வெட்டும் கருவி) போட்டுத் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்தால் விளக்கு வெளிச்சம் விழும் முகத்தில் நீலத் திட்டு ஒன்று தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உண்மையிலேயே வேலை வாங்கியது பிஎஸ்இ, அதாவது மின்னல் சோதனை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தந்த பிடி.1702 பரிந்துரை இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்கானது. திரையின் கால்வாசிக்கு மேல் பரவும் மின்னல் ஒரு நொடிக்குள் மூன்றைத் தாண்டினால் பாகம் தேறாது. எங்கள் இரண்டாம் பாகத்தில் ஒரு விருது விழா, புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் வரிசையாக அடித்துக்கொண்டே இருந்தது.

மொத்த ஷாட்டின் ஒளியைக் குறைத்துப் பார்த்தோம், விழா அழுது வடிந்தது. பிறகு ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஃபிளாஷும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஃபிரேம்தான் வாழ்கிறது. எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை, ஒரு நொடிக்குள் இரண்டு மட்டும் இருக்கும்படி விட்டுவிட்டு நடுவில் இருப்பவற்றை ஒடுக்கினால் போதும். சில ஃபிளாஷ் ஃபிரேம்களை முந்தைய ஃபிரேமால் மூடினோம். விருது வாங்குபவர் கையை நீட்டும் இடத்தில் அப்படி மூடினால் அசைவு இடறியது, அங்கே அந்த ஒரு ஃபிரேமின் ஒளியை மட்டும் பக்கத்து ஃபிரேம்களுக்குச் சமமாக இறக்கினோம். கேமரா படத்தை வரி வரியாகப் படிப்பதால் (ரோலிங் ஷட்டர்) சில ஃபிரேம்களில் மேல் பாதி மட்டும் வெளுத்திருக்கும், அவற்றுக்குப் பாதித் திரைக்கு மட்டும் மாஸ்க். பார்க்கிறவர்களுக்கு ஃபிளாஷ் அடிக்கும் விழாவாகவே தெரிகிறது, சோதனையும் தேறியது.

திருத்திய இடங்களை மட்டும் எம்எக்ஸ்எஃப் கோப்புக்குள் சொருகலாமா என்று எடிட்டர் கேட்டார். லாங் ஜிஓபி-யில் ஒரு ஃபிரேம் பக்கத்து ஃபிரேம்களை நம்பி நிற்கிறது, நடுவில் கை வைத்தால் அந்தக் குழுவையே மறுபடி குறியாக்க வேண்டும். ப்ரோரெஸ் மாஸ்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால் அங்கே சொருகிக்கொண்டு, சேனல் கோப்பை முழுவதுமாகப் புதிதாக எழுதினோம். அரை மணி நேரப் பாகத்துக்கு அது பெரிய விஷயமும் இல்லை.

மிச்ச வேலை

கேமரா அசல், மாற்றிய கைப்பேசி மற்றும் கேசட் கோப்புகள், ப்ரோரெஸ் மாஸ்டர், மிக்ஸ், ப்ராஜெக்ட் கோப்புகள், எக்ஸ்எம்எல், எம்எச்எல் எல்லாம் சேர்த்து ஒரு எல்டிஓ-8 டேப்பில் அடங்கின, அதன் கொள்ளளவு 12 டிபி. எல்டிஎஃப்எஸ் வடிவத்தில் எழுதியதால் எந்த ஒரு நிறுவனத்தின் ஆர்க்கைவ் மென்பொருளையும் நம்பியிருக்க வேண்டாம், டேப் ஒரு டிரைவ் போலத் திறக்கும். இரண்டு பிரதி, இரண்டு இடம். ப்ராக்ஸிகளை ஆர்க்கைவில் வைக்கவில்லை, வேண்டுமானால் ஓர் இரவில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எல்டிஓ-8, எல்டிஓ-9 டிரைவுகள் முந்தைய ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும் என்பதால், டேப் எந்தத் தலைமுறை என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியாயிற்று.

ஏ, பி கேமராக்களில் கோப்புப் பெயரின் முன்னெழுத்தை மாற்றும் அமைப்பு மெனுவின் அடி ஆழத்தில் இருக்கிறது. இரண்டிலும் அதை இப்போது நிரந்தரமாக வைத்துவிட்டோம், எண்ணும் கார்டுக்குக் கார்டு தொடரும். ரோல் எண் சேர்க்கும் ஸ்கிரிப்டில் ஒரு சோதனை மட்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது: ஒரே பெயரும் ஒரே தொடக்க டைம்கோடும் இரண்டு இடத்தில் இருந்தால் ப்ராக்ஸி போடாமல் நிற்க வேண்டும். அடுத்த ஷெட்யூலின் முதல் கார்டு வருவதற்குள் அதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.